இலக்கணத்தை எழுதுவோர் யார்?

பதுளையிலிருந்து பசறையைக் கடந்து பிபிலை நோக்கிச் செல்லும் பாதையில் இருக்கிறது லுணுகலை. அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலே பிறந்த பிள்ளைகளும் இன்று கணனி பயில்கின்றனர். அவர்கள் எழுதும் கட்டளையை யந்திரம் எங்ஙனம் உணர்கிறது? அதற்கொரு சரித்திரம் உண்டு. நாம் அறிய வேண்டிய சரித்திரம் அது.

மனிதர் படிக்கத்தக்க கட்டளைகளை யந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். அதன் முன்பகுதி எழுத்துக்களைக் கூட்டிச் சொற்களாக்குகிறது. சொற்கள் விதிப்படி அமைந்தனவா என ஆராய்கிறது. எழுத்து, சொல், பொருள் எனப் படிப்படியாக ஏறிய தொல்காப்பியத்தைப் போற்றும் நமக்கு இம்முறை அந்நியமன்று.

1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் கம்பைலரை ஜான் பாக்கஸ் குழுவினர் ஆக்கினர். ஒருவரே செய்திருப்பின் 18 ஆண்டுகள் பிடித்திருக்கும் உழைப்பு அது! 1960இல் வந்த ஆல்கால் 60 அறிக்கையோ, மொழியின் வாக்கிய அமைப்பை விதிகளாகத் தனியே எழுதிக் காட்டியது. பாக்கஸ் வகுத்துப் பீட்டர் நௌர் செப்பனிட்ட அக்குறியீட்டில் பாணினியின் முறையைக் கண்ட இங்கர்மன் என்பவர், அதனைப் பாணினி–பாக்கஸ் வடிவம் என அழைக்கலாமென 1967இல் எழுதினார்.

விதிகள் வெளியே வந்ததும், அவற்றைப் படித்து முன்பகுதியைத் தானே ஆக்கும் கருவியும் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் புரூக்கரும் மோரிசும் அம்முயற்சியில் ஈடுபட்டனர். எத்தகைய இலக்கணங்களைப் பின்திரும்பாமல் ஒரே வாசிப்பில் பகுக்கலாமென டொனால்ட் நூத் 1965இல் நிறுவினார். அவ்வழியில், 1970களில் பெல் ஆய்வுகூடத்தின் ஸ்டீபன் ஜான்சன் ‘யாக்’ என்னும் கருவியைப் படைத்தார். விதிகளைக் கொடுத்தால் அது அட்டவணையாக்கித் தரும். அந்த அட்டவணையே பின்னர் பகுப்பை நடத்தும்.

ஆயினும், விதி நியாயமானதா என்று கருவி கேட்பதில்லை. விதிக்குள் அடங்காத வாக்கியம் எத்துணைப் பொருளுடையதாயினும் பிழையென்றே தள்ளப்படும். இதன் கொடுமையை மலையகத்தார் வேறோர் ஏட்டில் கண்டவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் முன்னோர் இந்நாட்டில் பிறந்தமைக்கு ஆதாரம் கேட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களிடம் அந்தப் பத்திரம் எங்கே? வாசித்தவர் பிழையால் மட்டும் அவர்கள் நாடற்றோராகவில்லை. விதியே அவ்வாறு எழுதப்பட்டிருந்தது. எஞ்சியிருந்தோருக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது 2003இல்தான்.

இன்று யாக்கின் வழிவந்த ‘பைசன்’ கட்டணமின்றியே கிடைக்கிறது. கைவேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டது. இலக்கணம் வகுக்கும் வேலை மனிதரிடமே நிற்கிறது. லுணுகலைப் பிள்ளைகள் பிறர் வகுத்த விதிக்கு அடங்கிய வாக்கியங்களை எழுதக் கற்றால் மட்டும் போதாது. விதியை வகுக்கும் மேசையிலும் அவர்கள் அமர வேண்டும். அதற்கான கல்வியைத் தோட்டப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்வது நம் கடமை.