வல்லார்பாடம் முனையமும் கட்டணத் தள்ளுபடியும்

மேலைக் கடற்கரைத் துறைமுகங்களைப் பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் முசிறியோடு நின்றுவிடுகின்றன. யவனரின் மிளகு வணிகத்தைக் காட்டும் அகநானூற்றின் 149ஆம் பாடல் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. முசிறிக்குத் தெற்கே பின்னர் எழுந்த கொச்சியோ அத்துணைக் கவனம் பெறவில்லை. கொங்குநாட்டுச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சிக்குச் செல்வதால், அத்துறைமுகத்தின் விலைப்போட்டி தமிழகப் பொருளியல் வரலாற்றுக்கும் உரியதேயாகும்.

1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அரசர்களுடன் செய்த ஒப்பந்தங்களின் வழியே மிளகின் கொள்முதல் விலையைச் சந்தை விலையினும் தாழ்த்தி வைத்தது. அதனால் மிளகின் ஒரு பகுதி மலைகடந்து தமிழகப் பக்கமும், சிறு படகுகளில் பிற துறைகளுக்கும் சென்றது. கம்பெனியின் காவல் இதனை முற்றிலும் தடுக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் போட்டி மிளகுக்காக அன்றி, மிளகையும் பின்னலாடையையும் சுமக்கும் கொள்கலனுக்காக எழுந்தது. பெருங்கப்பல்கள் நுழையத்தக்க ஆழமும் வசதியும் இந்தியத் துறைமுகங்களில் குறைவாக இருந்தமையால், தூத்துக்குடி, கொச்சி ஆகியவற்றின் கொள்கலன்கள் சிறு இணைப்புக் கப்பல்களில் கொழும்பு சென்று, ஆங்கே தாய்க்கப்பலுக்கு மாறின. இந்நிலையை மாற்றும் நோக்குடன் வல்லார்பாடம் தீவில் பன்னாட்டுக் கொள்கலன் மாற்று முனையம் அமைக்கப்பட்டது. 2005இல் துபாயைச் சார்ந்த நிறுவனத்துடன் முப்பதாண்டு உரிம ஒப்பந்தம் ஏற்பட்டது. 2011 பிப்ரவரியில் முனையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. முதற்கட்டக் கொள்ளளவு ஆண்டுக்குப் பத்து இலட்சம் கொள்கலன் அலகுகள்.

சரக்கு எதிர்பார்த்தவாறு வரவில்லை. 2010-11இல் கொச்சி கையாண்டது ஏறத்தாழ 3.12 இலட்சம் அலகுகள், 2013-14இலும் 3.51 இலட்சமே. 2013இல் கொழும்பு 43 இலட்சம் அலகுகளைக் கையாண்டது. கொச்சியின் கப்பல் கட்டணம் மிகுதி என்பது கப்பல் நிறுவனத்தாரின் முறையீடு. எனவே கொச்சித் துறைமுகப் பொறுப்புக் கழகம் கப்பல் கட்டணங்களில் தள்ளுபடி வழங்கிற்று. (வழக்கு மன்றத்தில் மனு மறுக்கப்படுவதற்கும் கடைவீதியில் விலை குறைக்கப்படுவதற்கும் தமிழில் இவ்வொரு சொல்லே வழங்குவது சொல்லாய்வாளர் நோக்கத்தக்கது.)

இத்தள்ளுபடியின் சுமை யாரைச் சார்ந்தது என்பதே இங்கு முதன்மையான வினா. கொச்சி இயற்கையாக ஆழமுடையதன்று. இராபர்ட் பிரிஸ்டோ மணல்திட்டை வெட்டித் திறந்த கால்வாயில் 1928 முதல் கப்பல்கள் செல்கின்றன. ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்றியாதல் வேண்டும். முனையத்திற்கென 14.5 மீட்டர் ஆழத்தைப் பேணும் பொறுப்பு துறைமுகக் கழகத்துடையது. அதற்கு ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. முனைய வருவாயில் கழகத்திற்குரிய பங்கோ மூன்றில் ஒன்றே. ஆக, கால்வாயைத் தோண்டுபவரே கால்வாய்க் கட்டணத்தையும் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. 2016இல் நடுவண் அரசு, கழகத்தின் கடன்மீதான அபராத வட்டி ஏறத்தாழ 897 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது.

கணக்கேட்டில் இடம்பெறாத சுமையும் உண்டு. முனையத்திற்கான சாலை, இருப்புப்பாதை ஆகியவற்றின் பொருட்டு 316 குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அடுத்த மாதமே மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டதாயினும், ஒதுக்கப்பட்ட நிலங்களுட் பல சதுப்பாக இருந்தமையால் பத்தாண்டு கடந்தும் பலர் வீடு கட்ட இயலவில்லை. இச்செலவையும் சேர்த்தெண்ணினால் வல்லார்பாடத்தின் மலிவு மலிவன்று.

கொழும்பின் வலிமை கட்டணத்தில் மட்டும் இல்லை. இந்தியத் துறைமுகங்களுக்கிடையே சரக்கேற்றும் உரிமையில் இந்தியக் கொடியேந்திய கப்பல்களுக்கே முதலிடம் தந்த கடலோர வணிக விதி, வெளிநாட்டு இணைப்புக் கப்பல்களை வல்லார்பாடத்தினின்று விலக்கிற்று. 2012இல் வல்லார்பாடத்திற்கென இவ்விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் 2013இல் கொழும்பு 18 மீட்டர் ஆழமுடைய புதிய முனையத்தைத் திறந்தது. 2018இல் அத்தளர்வு ஏனைய இந்தியத் துறைமுகங்களுக்கும் விரிந்தபோது வல்லார்பாடத்தின் தனிச்சலுகை இல்லாதாயிற்று.

வல்லார்பாடத்தின் சரக்கு பிற்காலத்தில் வளர்ந்ததுண்டு. 2021-22இல் அது ஏழு இலட்சம் அலகுகளைக் கடந்தது. அவ்வளர்ச்சியிற் பெரும்பகுதி கேரளம், கொங்குநாடு ஆகியவற்றின் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கினால் விளைந்ததே. திருப்பூர், கோவை ஏற்றுமதியாளர் தூத்துக்குடியையும் கொச்சியையும் ஒப்பிடுகையில் லாரி வாடகை, கப்பல் வரும் நாள், காத்திருப்பு ஆகிய யாவற்றையும் கூட்டிப் பார்க்கின்றனர். துறைமுகக் கட்டணம் அக்கூட்டலில் ஓர் உறுப்பே. 2025 மே 2 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்ட விழிஞம் துறைமுகமோ, பெருமளவு தூர்வார வேண்டாத இயற்கை ஆழத்துடன் அதே மாநிலத்திலேயே தாய்க்கப்பல்களை ஈர்க்கிறது.