உச்சியில் பிறந்து இறங்கி வந்த ஊர்

கிரேக்கத்தின் தெற்கே, ஸ்பார்ட்டாவிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கில், தைகெட்டோஸ் மலையை ஒட்டிய செங்குத்தான குன்றில் மிஸ்த்ராஸ் இடிந்து கிடக்கிறது. பார்வையாளர் உள்ளே போக மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு வாயில்கள். கீழே நுழைந்து மூச்சிரைக்க ஏறுவதைவிட மேலே நுழைந்து இறங்குவது நல்லது. முழங்காலுக்கு மட்டுமல்ல, வரலாற்றுக்கும் அதுவே வசதி. இந்த ஊர் உச்சியில் பிறந்து கீழ்நோக்கி வளர்ந்தது.

உச்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் கிரேக்கர் அல்லர். 1204இல் சிலுவைப் படை கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியபின் பெலொப்பொனீசியாவைப் பிடித்துக்கொண்ட பிரெஞ்சுப் பிரபுக்களின் வழிவந்த இரண்டாம் வில்லியம் வில்லார்துவான், 1249இல் அதை எழுப்பினான். பத்தாண்டுகூட நிம்மதியாக ஆளவில்லை. 1259இல் பெலகோனியாப் போரில் தோற்று ஒளிந்தவனை, துருத்திய முன்பற்களே காட்டிக்கொடுத்தன என்று அக்கால வரலாற்றாசிரியர் எழுதுகிறார். விடுதலைக்கு விலையாக மிஸ்த்ராஸ் உள்ளிட்ட கோட்டைகள் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மிக்கேலின் கைக்குப் போயின. சமவெளியில் பாதுகாப்பின்றி இருந்த மக்கள் குன்றேறி, கோட்டையின் நிழலில் வீடு கட்டிக்கொண்டார்கள்.

கோட்டைக்குக் கீழே அரண்மனை. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பேரரசரின் மகன்களும் தம்பிகளும் இங்கிருந்து பெலொப்பொனீசியாவின் மொரேயா நாட்டை ஆண்டார்கள். பேரரசு சுருங்கச் சுருங்க இந்தச் சிற்றூர் செழித்ததுதான் விந்தை. பிளேட்டோவில் தோய்ந்த கெமிஸ்டோஸ் பிளெத்தோன் இங்கேதான் பாடம் சொன்னார். 1439இல் ஃபுளோரன்ஸ் திருச்சங்கத்துக்குப் போனபோது அவர் நிகழ்த்திய உரைகள் இத்தாலியரைப் பிளேட்டோவின் பக்கம் திருப்பின. பழைய கிரேக்கத் தெய்வங்களை மீட்கத் துணிந்த அவருடைய நூலைப் பின்னாளில் கான்ஸ்டான்டிநோபிளின் மறைமுதல்வரே தீயிலிட்டார். அவரது எலும்புகளையோ ரிமினியின் சிஜிஸ்மோந்தோ மலதெஸ்தா போர்ப்பயணத்தின்போது தோண்டியெடுத்துப் போய்த் தன் ஊர்க் கோயிலில் வைத்துக்கொண்டான். அறிஞருக்கு இப்படியும் ஒரு மரியாதை!

1460இல் ஊர் உதுமானியர் வசமானது. பின்னர் வெனிஸ்காரர் சில காலம் ஆண்டார்கள். 1770இலும் 1825இலும் தீயும் கொள்ளையும் ஊரைக் குலைத்தன. 1834இல் மன்னர் ஓட்டோ சமவெளியில் புதிய ஸ்பார்ட்டாவை நிறுவ, மக்கள் மெல்லமெல்லக் கீழே குடிபெயர்ந்தார்கள். இன்று இங்கே குடியிருப்பவர்கள் 1428இல் எழுந்த பந்தனாசா மடத்தின் கன்னியர் சிலரே. அம்மடத்துச் சுவரோவியங்களின் நிறம் இன்னும் பளிச்சென்றிருக்கிறது.

கீழ் வாயிலை நெருங்கும்போது வருகிறது புனித திமெத்ரியோஸ் பேராலயம். தரையில் இருதலைக் கழுகு செதுக்கிய கல் ஒன்று பதிந்திருக்கிறது. 1449 ஜனவரி 6 அன்று, பைசாந்தியத்தின் கடைசிப் பேரரசரான கான்ஸ்டன்டைன் இதன்மேல் நின்றுதான் முடிசூடினார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அன்று இவ்வூரில் அவர் பேரரசராக அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் அது எளிய சடங்குதான் என்றும், மறைமுதல்வர் கையால் அவருக்கு முடிசூட்டு நடக்கவேயில்லை என்றும் ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

கல்லைப் பார்த்தவர்கள் அண்ணாந்தும் பார்க்க வேண்டும். மேலே உள்ள ஒதெகெத்ரியா ஆலயத்தைப் போலத் தம் ஆலயத்துக்கும் ஐந்து குவிமாடங்கள் வேண்டுமென்று 15ஆம் நூற்றாண்டில் பேராயர் மத்தேயு ஆசைப்பட்டார். பழைய கூரையை அகற்றி மாடி எழுப்பினார்கள். குவிமாடங்கள் வந்தன; நடுக்கூடத்தின் மேல்வரிசை ஓவியங்களில் இருந்தவர்களுக்குத்தான் தலை போயிற்று.