யாழ்ப்பாண வரலாற்றெழுதியல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழங்காலத்தை யார் யார், எந்தச் சான்றுகளைக் கொண்டு, எப்படி எழுதினார்கள் என்பதன் வரலாறு இது. ஏட்டுச்சுவடி, கல்வெட்டு, நாணயம், பறங்கியர் (போர்த்துக்கேயர்) கடிதம், ஒல்லாந்தர் தோம்பு (காணிப் பதிவேடு), கோயிற் கட்டியம், மண்ணுக்குள் கிடந்த பானையோடு என்று சான்றுகள் பலவகை. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும். சில வேளைகளில் இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவையாக இருக்கும். சான்றுகளை எடைபோடும் இந்த வேலையில் குடாநாடு சந்தித்த சிக்கல்கள் எந்த நாட்டு வரலாற்று மாணவருக்கும் பாடமாகக் கூடியவை.

தொடக்கப் புள்ளி யாழ்ப்பாண வைபவமாலை. மாதகல் மயில்வாகனப் புலவர் 1736ஆம் ஆண்டளவில் எழுதிய உரைநடை நூல் அது. ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டபடி எழுதியதாக நூலின் பாயிரம் கூறுகிறது. அவரை யான் மக்காரா என்பவராக ஆய்வாளர் அடையாளம் காண்கின்றனர். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகிய முன்னூல்களைப் புலவர் பயன்படுத்தினார். முதலிரண்டும் நமக்குக் கிடைத்துள்ளன, பின்னிரண்டும் கிடைக்கவில்லை. ஆகவே வைபவமாலையின் ஒரு பகுதியை அதன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறுபகுதிக்குப் புலவரின் சொல்லே சாட்சி.

நூல் எழுதப்பட்ட காலத்தில் யாழ்ப்பாண அரசு வீழ்ந்து நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. கேட்டவர் அந்நிய ஆட்சியாளர். எழுதியவரோ தன் நாட்டின் பெருமையையும் சைவத்தின் தொன்மையையும் நிலைநாட்ட விரும்பிய புலவர். விசயன் இலங்கைக்கு வந்ததும் சிவாலயங்களைக் கட்டிப் புதுக்கினான் என்று கதை தொடங்குவதன் காரணம் இதுதான். பறங்கியரும் ஒல்லாந்தரும் வந்து ஆள்வார்கள் என்று ஒரு முனிவர் முன்கூட்டியே சொன்னதாகவும் நூலில் வருகிறது. நடந்து முடிந்ததை நடக்கப்போவதாகச் சொல்லும் இத்தகைய பகுதிகள் நூல் எழுந்த காலத்தை அறிய உதவும். முனிவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்தைப் பற்றி அவை எதையும் நிறுவமாட்டா. கொன்சுதந்தீன் பேரரசன் திருச்சபைக்கு வழங்கியதாகச் சொல்லப்பட்ட சாசனத்தை, அதிலுள்ள இலத்தீன் அக்காலத்து மொழியன்று என்று காட்டி, இத்தாலியின் லொரென்சோ வல்லா 1440இல் போலியென நிறுவினார். நூலின் காலத்தை நூலே காட்டிக்கொடுக்கும் என்ற அதே வழியில்தான் வைபவமாலையையும் படிக்க வேண்டியிருக்கிறது.

வைபவமாலையை 1879இல் பிரிற்றோ ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் பின் நூல் உள்ளூர்ப் புலமையாளரின் விவாதப் பொருளாயிற்று. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘யாழ்ப்பாணச் சரித்திரம்’ 1912இலும், க. வேலுப்பிள்ளையின் ‘யாழ்ப்பாண வைபவ கௌமுதி’ 1918இலும் வந்தன. பரம்பரைக் கதைகளைச் சேர்த்துக் காத்த பெருமை இவர்களுக்கு உண்டு. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் சங்க இலக்கியம், மணிமேகலை, பாளி நூல்கள், பிறநாட்டார் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒருங்கே திரட்டியது. அவருடைய உழைப்புக்கு ஈடில்லை. ஆனால் மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவத் தீவையும் கதைகளில் வரும் அரசர்களையும் வரலாற்றுக்குள் கொண்டுவருவதில் அவர் அளவுக்கு மீறித் தாராளம் காட்டினார் என்றே கருத வேண்டியிருக்கிறது.

கறாராகக் கேள்வி கேட்டவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். 1928இல் வெளிவந்த அவருடைய ‘யாழ்ப்பாண வைபவ விமரிசனம்’ தலைப்பிலேயே தன் வேலையைச் சொல்லிவிடுகிறது. வைபவமாலையின் கூற்றுகளைப் பறங்கியர் ஆவணங்களோடும் சிங்கள, பாளி நூல்களோடும் அவர் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தார். அந்த ஒப்பீட்டில் வெளிப்பட்டவற்றுள் முதன்மையானது யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பற்றியது. வைபவமாலை ஒரே சங்கிலியைத்தான் அறியும். பறங்கியர் ஆவணங்களோ இருவரைக் காட்டுகின்றன. ஒருவன் 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டவன், 1544இல் மன்னாரில் கிறித்தவத்துக்கு மதம் மாறியோரைக் கொன்றவன். மற்றவன் 1619இல் அரசிழந்து கோவாவில் மாண்ட சங்கிலி குமாரன். முக்கால் நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இருவரை மக்கள் நினைவு ஒருவனாக்கிவிட்டது. நினைவு இப்படித்தான் வேலை செய்யும்: பெயரைப் பிடித்துக்கொள்ளும், காலத்தைக் கைவிட்டுவிடும்.

அரசின் தலைநகரான நல்லூரைக் கட்டியவன் யார் என்ற கேள்வி நூறாண்டாக நீடிக்கிறது. கைலாயமாலையோடு சேர்ந்து வழங்கும் தனிச்செய்யுள் ஒன்று, புவனேகவாகு நல்லூரையும் கந்தவேள் கோயிலையும் கட்டிய ஆண்டைச் சகம் 870 என்கிறது. அது கி.பி. 948 ஆகும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு இல்லை; சோழர் ஈழத்தைப் பிடித்ததே அந்த நூற்றாண்டின் இறுதியில்தான். ஆகவே ஏடெழுதியோர் எண்ணைப் பிழைபடுத்தினர் என்றும், சகம் 1170, அதாவது கி.பி. 1248 என்று திருத்த வேண்டும் என்றும் ஒரு சாரார் கூறினர். திருத்தம் கவர்ச்சியானது. ஆனால் நாம் எதிர்பார்க்கும் விடை வரும்படி மூலத்தைத் திருத்தினால், பின்பு அந்த மூலத்தையே விடைக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

இன்னொரு சாரார் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் படைத்தலைவன் சப்புமல் குமாரயனைச் சுட்டினர். தமிழில் செண்பகப்பெருமாள் எனப்படும் இவன் 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்துச் சில காலம் ஆண்டான். பின்னர் தெற்கே சென்று புவனேகபாகு என்ற பெயரோடு கோட்டை அரியணை ஏறினான். கோகில சந்தேசம் என்ற சிங்களத் தூதுநூல் அவன் ஆட்சியிலிருந்த யாழ்ப்பாணத்தைப் பாடுகிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இன்றும் ஒலிக்கும் கட்டியத்தில் (சந்நிதியில் கூறும் புகழ்மொழியில்) ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் வருகிறது. சங்கபோதி என்பது சிங்கள மன்னர் சூடிய விருது.

கட்டியம் எவ்வளவு நம்பத்தக்கது? பழைய கோயிலைப் பறங்கியர் 1620களின் தொடக்கத்தில் இடித்தனர். இன்றைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில் வேறிடத்தில் எழுந்தது. இடையில் நூறாண்டுக்கு மேல் வழிபாடு அறுந்திருந்தது. எனவே கட்டியம் சிதையாமல் வந்தது என்று உறுதி கூற முடியாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆரியச்சக்கரவர்த்திகளின் புகழ் பாடும் ஊரில், ஒரு சிங்கள அரசனின் விருதை முருகன் சந்நிதியில் புதிதாகச் சேர்க்க யாருக்கு என்ன தேவை இருந்தது? எழுதுவோரின் விருப்பத்துக்கு மாறாக நிற்கும் செய்தி, விருப்பத்துக்கு இணங்கும் செய்தியை விட எடை கூடியது. புவனேகவாகுவை முதல் ஆரியச்சக்கரவர்த்தியின் மந்திரி என்று வைபவமாலை சொல்வது, அந்தப் பெயர் ஏன் கட்டியத்தில் இருக்கிறது என்று பின்னாளில் வந்தோர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட விளக்கமாகலாம். செண்பகப்பெருமாள் கோயிலைப் புதுக்கினான் என்பதே சான்றுகளுக்கு அதிகம் பொருந்துகிறது. நகரை முதலில் அமைத்தவனும் அவனே என்று சொல்ல அந்தச் சான்றுகள் போதா.

ஏடுகள் தராத உறுதியைக் கல்லும் காசும் தந்தன. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைக் கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்தார். ஊராத்துறைக்கு வரும் அந்நிய வணிகரைக் காக்கவேண்டும் என்று அது ஆணையிடுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கேற்றிய கலமானால் செம்பாதி. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவைச் சிங்கள மன்னன் குடாநாட்டையொட்டிய துறைமுகத்துக்குத் தமிழில் ஆணை வெட்டினான் என்ற செய்தியை எந்த வைபவ நூலும் சொல்லவில்லை. ‘சேது’ என்ற எழுத்தும் நந்தியும் பொறித்த காசுகள் முன்னர் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை எனப்பட்டன. அவை ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை என்று ஞானப்பிரகாசர் முதலியோர் வாதிட்டு நிலைநாட்டினர். 1344இல் இபின் பதூதா ஆரியச்சக்கரவர்த்தியை நேரில் கண்டு எழுதிய குறிப்பு, அவ்வரசின் செல்வத்துக்கும் கடல் வலிமைக்கும் வெளியார் ஒருவரின் சாட்சி.

குடாநாட்டு மக்களின் தொன்மை பற்றிய வழக்குத்தான் கடுமையானது. யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த போல் பீரிஸ் 1917ஆம் ஆண்டையொட்டிக் கந்தரோடையில் அகழ்ந்து சிறிய பௌத்தத் தூபிகளை வெளிக்கொணர்ந்தார். 1936இல் வல்லிபுரத்தில் ஒரு பொற்சாசனம் கிடைத்தது. வசபன் என்ற அரசனின் காலத்தில் நாகதீவை ஆண்ட அமைச்சன் ஒருவனையும் அங்கே கட்டப்பட்ட விகாரையையும் அது குறிப்பதாகத் தொல்லியலாளர் பரணவிதான வாசித்தார். உடனே ஒரு கணக்குப் போடப்பட்டது: பௌத்தம் இருந்தது, ஆகவே சிங்களவர் இருந்தனர். கணக்கு பிழை. ஒரு மதத்தின் சின்னம் அதைத் தொழுதவரின் மொழியைச் சொல்லிவிடாது. தமிழகத்திலும் பௌத்தம் செழித்தது. மணிமேகலை தமிழ்ப் பௌத்தக் காப்பியம். பிராகிருதமோ அக்காலத் தென்னாசியாவில் பலமொழி மக்களுக்கும் பொதுவான சாசன மொழி. எதிர்ப்பக்கத்தில் போடப்பட்ட கணக்கும் இதே அளவு பிழை: நாகர் என்ற பெயர் வந்த இடமெல்லாம் தமிழர் என்று கொள்வது. இரு தரப்பும் இன்றைய இன எல்லையை ஈராயிரம் ஆண்டு பின்னே கொண்டுபோய் நட்டன.

இவ்விடத்தில் இந்திரபாலாவின் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1965இல் இலண்டனில் அளித்த ஆய்வேட்டில், கையிலிருந்த கல்வெட்டுகளையும் நூல்களையும் கொண்டு, ஈழத்தில் பரந்த தமிழ்க் குடியேற்றம் 10ஆம் நூற்றாண்டையொட்டியே தொடங்கியது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அம்முடிவு தமிழரிடையே கசப்பை விளைத்தது. மாற்றார் அதை ஆயுதமாக்கினர். பின்னர் நிலம் பேசத் தொடங்கியது. 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகக் குழு கந்தரோடையில் அகழ்ந்தது. 1980களின் தொடக்கத்தில் இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமப் புதைப்பைக் கண்டது. அங்கே கிடைத்த சிறு முத்திரையில் மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்துகள். ‘கோவேத’ என்பது அவர்கள் வாசிப்பு. பொ. இரகுபதியின் 1987ஆம் ஆண்டு நூல் குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகளை ஊரூராகப் பதிவு செய்தது. ப. புஷ்பரட்ணம் பூநகரியில் ஆய்ந்தார். தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டோடு குடாநாடு கொண்டிருந்த உறவு இவற்றால் தெளிவாயிற்று. 2005இல் வந்த தம் நூலில் இந்திரபாலா பழைய முடிவை மாற்றி எழுதினார். தமிழரும் சிங்களவரும் பெரும்பாலும் இம்மண்ணின் பொதுவான பழங்குடிகளின் வழிவந்தவர்கள், வணிகமும் பண்பாட்டுத் தொடர்பும் மொழிமாற்றமும் காலப்போக்கில் இரு இனக்குழுக்களை உருவாக்கின என்பது அவர் விளக்கம். புதிய சான்று வந்தபோது தன் பெயரால் நிலைத்த கருத்தையே கைவிட்ட இந்த நேர்மை, எங்கள் வரலாற்றெழுதியலின் மிக உயர்ந்த தருணம்.

சான்று உறுதியான பிறகும் ‘ஏன்’ என்ற கேள்வி எஞ்சும். யாழ்ப்பாண அரசு ஏன் வீழ்ந்தது? காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது ஊரறிந்த விடை. அப்படி ஒருவன் இருந்தானென்றே வைத்துக்கொண்டாலும், ஒரு தனிமனிதனின் துரோகம் ஓர் அரசின் வீழ்ச்சியை விளக்கிவிடாது. 1560இல் பறங்கியர் நல்லூர்வரை வந்து திரும்ப நேர்ந்தது. மன்னாரில் மட்டும் கோட்டை கட்டினர். 1591இல் மீண்டும் வந்து அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கனைத் தம் பொம்மையாக அமர்த்தினர். அரசின் தற்சார்பு அன்றே போயிற்று. 1617இல் அவன் இறக்க, வாரிசுப் போட்டியில் சங்கிலி குமாரன் அதிகாரத்தைப் பிடித்துத் தஞ்சை நாயக்கரின் துணையை நாடினான். முத்துக்குளிப்பு, யானை வணிகம், கண்டிக்குத் தென்னிந்தியாவிலிருந்து போகும் உதவியின் வழி ஆகிய மூன்றையும் கைக்குள் வைத்திருக்க விரும்பிய பறங்கியர் இதைப் பொறுக்கவில்லை. 1619இல் பிலிப் தெ ஒலிவேரா படையோடு வந்தான். துரோகக் கதை இந்த நெடிய காரணத் தொடரை ஒரே மனிதனின் தலையில் கட்டித் தோல்வியின் வலியைத் தாங்க வைத்தது. கதைக்கு அந்தப் பயன் உண்டு. விளக்கமாக அது போதாது.

பறங்கியர் ஆவணங்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவிலிருந்து எழுதிய குவேறோசு பாதிரியார், இழந்த இலங்கையை மீட்கும்படி தம் நாட்டாரைத் தூண்டவே எழுதினார். மன்னார்க் கொலையை மதவெறி என்று பறங்கியர் எழுத்துகள் காட்டும். மதம் மாறியோர் போர்த்துக்கல் அரசனின் பாதுகாப்புக்குள் போய்விடுவர் என்பதை எதிர்க்கரைப் பரவர் விடயத்தில் சங்கிலி கண்டிருந்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொலை கொலைதான். அதன் காரணம் அரசியலையும் உள்ளடக்கியது. ஒல்லாந்தருக்காக 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டமும் இப்படியே. பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்பிய வழக்காறு அது. முதலிமாரின் கண்ணுக்கு வழக்காகப் பட்டதே அதில் ஏறியது. நிலமற்றோரின் குரலை அதில் தேடிக் காண்பது அரிது.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. வைபவமாலையே அன்று அழிந்துபோனது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று: குல. சபாநாதன் 1949இல் பதிப்பித்த நூல் உட்பட அச்சுப் பிரதிகள் இருக்கின்றன. இழப்பு அவ்வளவு பெரிது; மிகைப்படுத்த வேண்டிய தேவை அதற்கு இல்லை. அதன் பின் போரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த பெட்டகங்களைக் கொண்டுபோயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் எஞ்சியவற்றை வருடிப் பேணிவருகிறது. 2017ஐ ஒட்டி யாழ்ப்பாணக் கோட்டைக்குள் டேரம் பல்கலைக்கழகத்தாரும் உள்ளூர் ஆய்வாளரும் நடத்திய அகழ்வு, பறங்கியருக்கு வெகுமுன்பே அங்கு கடல்வணிகம் நடந்ததற்கான மட்பாண்டங்களைக் காட்டியது.

இந்த நாட்டின் வரலாறு இன்னும் பல வீடுகளின் பரணில் கிடக்கிறது. பழைய காணி உறுதி, நன்கொடைச் சாசனம், கோயிற் கணக்கேடு, வைத்திய ஏடு, திருமணப் பதிவு, கடிதம் எதுவாயினும், கறையான் அரித்த ஏடாயினும், எறியாதீர்கள். எந்த ஊரில் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு துண்டில் எழுதி அதோடு வையுங்கள். பல்கலைக்கழகத்துக்கோ நூலகத்துக்கோ படியெடுக்கக் கொடுங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும்.