கைடு சோஃபியா

நியூசிலாந்தின் வடதீவில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ரோட்டோருவா வட்டாரத்தில், நூறு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் சில பெண்களின் பெயரை மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள். கைடு கேட், கைடு சோஃபியா, கைடு மேகி, கைடு பெல்லா, பின்னாளில் கைடு ராங்கி. நாம் வித்துவான் தியாகராச செட்டியார் என்றும் புலவர் குழந்தை என்றும் சொல்கிற மாதிரிதான். பட்டம் முன்னே, பெயர் பின்னே.

ஆங்கிலேயர் தங்கள் ஊரில் இப்படிச் சொல்வதில்லை. லண்டனைச் சுற்றிக் காட்டுகிற ஆள் வெறும் ஜான்தான். கைடு என்பது அவர் பார்க்கும் வேலை. கூலிக்குச் செய்யும் அந்த வேலையின் பெயர் பட்டமாக ஏறி உட்கார்ந்தது தூஹோரங்கி என்ற மாவோரிக் குலத்தாரிடம். எப்படி ஏறியது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் சொல்லின் பூர்வீகம். ஆங்கிலத்தின் ‘கைடு’ பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு அது பழைய ஜெர்மானிய மொழி ஒன்றிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் ‘காண்’, ‘அறி’ என்று பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று இருக்கிறது. வடமொழியின் ‘வித்’ அதே வேரில் கிளைத்தது. வித்தை, வித்துவான், வேதம் எல்லாம் அந்தக் கிளையில் பழுத்துத் தமிழுக்கு வந்தவை. ஆக, வித்துவானும் கைடும் தூரத்துப் பங்காளிகள்.

மாவோரி மொழியில் இதற்கு ஈடான சொல் ‘கையாராஹி’. ‘ஆராஹி’ என்றால் அழைத்துச் செல், கூட்டிக்கொண்டு போ. முன்னால் உள்ள ‘கை’ செய்பவரைக் குறிக்கும் ஒட்டு: கற்பிப்பவர் ‘கையாக்கோ’, காவல் காப்பவர் ‘கைத்தியாக்கி’. தமிழ்க் கை ஞாபகம் வந்து, கையைப் பிடித்து அழைத்துப் போகிறவர்தான் கையாராஹி என்று யாராவது கட்டுரை எழுதிவிடப் போகிறார்கள். ஓசை ஒத்துப்போவதை உறவு என்று எடுத்துக்கொண்டால் உலக மொழிகள் அத்தனையும் நமக்குச் சம்பந்தி ஆகிவிடும். அதே மாவோரியில் தனித்து நிற்கும் ‘கை’க்குச் சாப்பாடு என்றும் பொருள் உண்டு. இந்த ஒட்டுக்கும் நம் கைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

‘ஆராஹி’ சற்றுக் கனமான சொல். மாவோரி விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தில் மேய்ப்பர் ஆட்டை அமர்ந்த தண்ணீரண்டைக்குக் கூட்டிப்போகும் இடத்தில் வருவது இதுதான். கூட்டிப்போகிறவருக்குப் பொறுப்பும் உண்டு, அதிகாரமும் உண்டு என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது. தூஹோரங்கிப் பெண்கள் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டபோது அதில் ஊற்றிய பொருள் ஏறக்குறைய இது என்று நினைக்கிறேன்.

அவர்கள் கூட்டிப்போன இடம் ரோட்டோமஹானா ஏரிக்கரை. அங்கே வெந்நீர் ஊற்றுகள் பல நூற்றாண்டுகளாகக் கக்கிய சிலிக்கா படிந்து படிந்து, மலைச்சரிவில் இரண்டு பெரிய படிக்கட்டுகள் உருவாகியிருந்தன. வெள்ளைப் படிக்குத் தே தாரத்தா என்று பெயர், இளஞ்சிவப்புப் படிக்கு ஓத்தூகாபுவாராங்கி. ஒவ்வொரு படியிலும் தொட்டி தொட்டியாக வெதுவெதுப்பான நீர். 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் ஆல்ஃபிரட் இளவரசர் வந்து பார்த்துவிட்டுப் போனதும், ஐரோப்பாவில் வசதி உள்ளவர்கள் கப்பல் ஏறத் தொடங்கினார்கள்.

போவது லேசான காரியமாக இல்லை. ரோட்டோருவாவிலிருந்து குதிரை வண்டியில் காட்டு வழியே தே வைரோவா கிராமம். அங்கே ஓர் இரவு. காலையில் துடுப்புப் படகில் தாராவேரா ஏரியைக் கடக்க வேண்டும். பிறகு நடை, பிறகு சிறு தோணி. இறங்கிய பின்தான் ஆபத்தே தொடங்கும். காலடியில் மண் மெல்லிய பொருக்கு. அதன் கீழே கொதிக்கும் சேறு. எங்கே மிதிக்கலாம், எந்தத் தொட்டியில் குளிக்கலாம், எதில் இறங்கினால் தோல் கழன்றுவிடும் என்பது அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். வந்த கனவான்கள் சிலிக்காவை உடைத்துப் பைக்குள் போட்டார்கள், படிகளில் தங்கள் பெயரைக் கிறுக்கினார்கள். அவர்கள் மேல் ஒரு கண்ணும் தேவைப்பட்டது. வழி, உயிர், இடம் மூன்றுக்கும் ஒரே ஆள் பொறுப்பு.

இந்த வேலையில் முதலில் பெயர் எடுத்தவர் கைடு கேட். அவரையும் மிஞ்சியவர் சோஃபியா ஹினெராங்கி. மாவோரிப் பெயர் தே பயா. தாய் மாவோரி, தந்தை ஸ்காட்லாந்திலிருந்து வந்த கொல்லர். வடக்கே மிஷன் வளாகத்தில் படித்ததால் ஆங்கிலமும் மாவோரியும் சமமாக வந்தன. இரண்டு திருமணத்தில் 17 பிள்ளைகள்.

சுற்றுலாப் பணம் கிராமத்தை எப்படி மாற்றியது என்பதற்கு ஹினெமிஹி என்ற செதுக்கு மண்டபம் போதும். வெரோ தாரோயும் தேனே வைத்தெரேவும் செதுக்கிய அந்த மண்டபத்தில், மூதாதையர் உருவங்களின் கண்ணுக்கு வழக்கமான பாவா சிப்பியை வைக்காமல் ஆங்கிலேயரின் தங்க சவரன்களைப் பதித்தார்கள். வந்தவர்கள் கொடுத்த காசு, வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. காசோடு சாராயமும் வந்தது. பிற்காலத்தில் சோஃபியா மதுவிலக்குப் பெண்கள் சங்கத்தின் ஊர்க் கிளைக்குத் தலைவியானதற்கு அங்கே கண்டதும் காரணமாக இருந்திருக்கும்.

1886 மே 31 அன்று சோஃபியா ஒரு குழுவை அழைத்துக்கொண்டு கிளம்பினார். படகு நிற்கும் ஓடை வற்றிப்போய், படகு சேற்றில் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஓலமிடுவது போன்ற ஒலியோடு நீர் ஏறி வந்தது. ஏரிக்குள் போனபின், தூரத்தில் ஒரு போர்த் தோணி தெரிந்தது. படகில் இருந்த வெள்ளையரும் பார்த்தார்கள், மாவோரிகளும் பார்த்தார்கள். அந்த ஏரியில் அப்படி ஒரு தோணியே கிடையாது. பேய்த் தோணி என்று இன்றுவரை பேச்சு நிற்கவில்லை. எனக்குத் தோணியைவிட ஓடைதான் முக்கியம். தண்ணீர் ஏறி இறங்கியது எரிமலையின் வேலையாக இருக்கலாம், அதைக் கவனித்து வைத்திருந்தது சோஃபியாவின் கண்.

ஜூன் 10 விடியுமுன் தாராவேரா மலை பிளந்தது. சுமார் 120 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாவோரிகள். தே வைரோவா சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தது. தங்கும் விடுதியும் பள்ளி ஆசிரியர் வீடும் நொறுங்கின. சோஃபியாவின் குடிசை மட்டும் நின்றது. கூரை செங்குத்தாக இருந்ததால் சேறு தங்காமல் வழிந்து இறங்கிவிட்டது. 60க்கும் மேற்பட்டவர்கள் இரவெல்லாம் அதற்குள் நெருக்கியடித்துக் கிடந்து உயிர் தப்பினார்கள். ஹினெமிஹி மண்டபத்துக்குள் ஓடியவர்களும் பிழைத்தார்கள். (ஆறு ஆண்டுகளில் ஆளுநர் ஆன்ஸ்லோ பிரபு அந்த மண்டபத்தை 50 பவுண்டுக்கு வாங்கி, பிரித்து, இங்கிலாந்தில் தன் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.) கைடு என்ற சொல் பட்டமாக இறுகியது அந்த இரவுக்குப் பின் என்பது என் கணிப்பு. படிக்கட்டுகளைக் காட்டிய பெண் அறுபது உயிரைக் காத்த பெண்ணாகிவிட்டார். அவர் பெயரை மொட்டையாகச் சொல்ல இனி எவருக்கு மனம் வரும்?

படிக்கட்டுகள் போய்விட்டன. தொழில் போகவில்லை. பிழைத்தவர்களில் பலர் உறவினரான ஙாத்தி வாஹியாவோ மக்களின் ஊருக்கு வந்தார்கள். ஃபகரேவரேவா என்று அந்த ஊர்ப்பெயரைச் சொல்கிறோமே, அது சுருக்கம்தான். வாஹியாவோவின் போர்ப்படை திரண்ட இடம் என்ற முழுப்பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதாது. ஊர்க்காரர்கள் இன்னும் சுருக்கி ஃபகா என்கிறார்கள். போஹுத்து என்ற பீறிடும் ஊற்று அங்கேதான், 30 மீட்டர் வரை எழும். பூவாரெங்கா ஓடைப் பாலத்திலிருந்து பிள்ளைகள் காசுக்காகத் தலைகுப்புறக் குதிக்கிற வழக்கமும் அங்கே வளர்ந்தது. பயணிகள் எறிந்த பென்னி நாணயங்களைப் பிடித்து வாயில் அடக்கிக்கொள்வார்கள்.

இங்கே இன்னொன்றும் நடந்தது. முன்பு கைடுகள் வீட்டிலிருந்து புறப்பட்டு ஏரி கடந்து ஓரிடத்தைக் காட்டினார்கள். ஃபகாவில் காட்டும் இடமே வீடு. நீராவிப் பெட்டியில் வேகிற இறைச்சி, கொதிக்கும் குளத்தில் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்ட மக்காச்சோளம், மாலையில் ஊரே குளிக்கும் தொட்டி. கைடு என்பவர் அடுப்படி வரை ஆளைக் கூட்டிவருகிற வீட்டுக்காரி ஆனார். மாவோரி வழக்கில் வந்தவரை முதலில் குரல் கொடுத்து அழைப்பவர் பெண். ‘காரங்கா’ என்ற அந்த அழைப்பு எழாமல் முற்றத்துக்குள் கால் வைக்கக் கூடாது. பெயர்பெற்ற கைடுகள் பெரும்பாலும் பெண்களாக இருந்ததற்கு ஆங்கிலப் படிப்பு ஒரு காரணம். இது இன்னொன்று.

சோஃபியா அங்கேயும் தலைமைக் கைடாக இருந்து 1911இல் காலமானார். அவர் காலத்திலேயே எழுந்து வந்தவர் மேகி. மார்கரெட் தாம் என்பது பெற்றோர் வைத்த பெயர்; மாவோரி நாவில் மகெரெத்தி. உன் மாவோரிக் குடும்பப் பெயர் என்ன என்று ஒரு பயணி கேட்டாராம். பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த பாப்பாகுரா ஊற்றைப் பார்த்தார், ‘பாப்பாகுரா’ என்று சொல்லிவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது; தங்கை பெல்லாவும் பாப்பாகுரா ஆனார். 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மனைவியோடு வந்தபோது சோஃபியாவும் மேகியும் கூட்டிச் சென்றார்கள். மேகியின் முகம் அஞ்சலட்டைகளில் உலகம் சுற்றியது.

1905இல் மேகி ஒரு புத்தகம் போட்டார்: வெந்நீர் ஏரிகளுக்கு மேகியின் கைடு. கைடு எழுதிய கைடு. பரீட்சைக்கு முந்தின நாள் கடைக்கு ஓடிக் கைடு வாங்கிப் படித்த நமக்கு இந்த இரட்டைப் பொருள் புதிதல்ல. மேகியோ அதோடு நிற்கவில்லை. 1911இல் ஒரு கலைக்குழுவை லண்டனுக்கு அழைத்துப் போனார், மறு ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துப் பண்ணையார் ஒருவரை மணந்து அங்கேயே தங்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் மாணவியாகப் பதிந்து தன் மக்களைப் பற்றித் தானே ஆய்வேடு எழுதினார். 1930இல், தேர்வுக்குச் சில வாரம் முன்பு இறந்துபோனார். ஏடு 1938இல் நூலானது. 2025இல் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் கொடுத்தது. வெள்ளைக்கார அறிஞர்கள் மாவோரிகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பல்லாயிரம் பேருக்குத் தன் ஊரை வாயால் சொல்லிப் பழகிய பெண் எழுத உட்கார்ந்தது சாதாரண விஷயமல்ல. ஆய்வுக்குக் கள அனுபவம் என்றால் அவருக்குக் களமே வீடு.

கைடு ராங்கி என்ற ராங்கித்தியாரியா டென்னன், ஹினெமிஹியைச் செதுக்கிய தேனே வைத்தெரேவின் பேத்தி. 1943இல் அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் ஃபகாவுக்கு வந்தபோது, இருவரும் மூக்கோடு மூக்கு ஒற்றி ‘ஹொங்கி’ வணக்கம் செய்த புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ராங்கியின் நினைவுநூல் 1968இல் வெளிவந்தது. அட்டையில் அவர் ‘ரோட்டோருவாவின் கைடு ராங்கி’. குடும்பப் பெயருக்குத் தலைப்பில் இடமில்லை.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது? ஆற்றுப்படை உடனே நினைவுக்கு வரும். ஆனால் அங்கே வழி சொல்பவன் பரிசு பெற்றுத் திரும்புகிற பாணனோ பொருநனோ. அவனும் விருந்தாளிதான், இன்னொரு விருந்தாளிக்கு வள்ளலின் வாசலைச் சொல்லி அனுப்புகிறான். ஃபகாவில் வாசலில் நிற்பவரே வழியும் சொல்கிறார். வழித்துணை என்றால் கூட நடப்பவர், அவ்வளவே.

இன்று ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழுவாக வேனில் வடதீவைச் சுற்றுகிறவர்களும் ஃபகாவுக்கு வருகிறார்கள். மாலை வரவேற்பு நிகழ்ச்சிக்கு முன் வந்தவர்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். காலையில்தான் அறிமுகமான ஒரு கணக்காளரோ பல் மருத்துவரோ ‘இனக்குழுத் தலைவர்’ ஆகி, ஈட்டியோடு விழி உருட்டி வரும் வீரன் கீழே வைக்கிற தழையை, கண்ணை எடுக்காமல் குனிந்து எடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள் என்று கைடு முன்பே சொல்லி வைப்பார். நாடகம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். தலைவன் இல்லாத கூட்டத்தை எப்படி வரவேற்பது என்ற நிஜமான சிக்கலுக்கு அது விடை என்பதால் எனக்கு அதில் குறை தெரியவில்லை.

கையாராஹி இதற்குள் வேறு திசையில் போய்விட்டது. 1987இல் மாவோரி ஆட்சிமொழியானது. பள்ளிகளில் பிள்ளைகளை மொழிக்குள் கூட்டிப்போகும் உதவியாளருக்குக் ‘கையாராஹி இ தே ரெஓ’ என்று பெயர் வந்தது. ரெஓ என்றால் மொழி. ராங்கியின் தலைமுறையில் வகுப்பில் மாவோரி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. சுற்றுலாவிலும் இப்போது கையாராஹி புழங்குகிறது, கைடும் போய்விடவில்லை.

மொழிபெயர்ப்பாளருக்குத்தான் சங்கடம். ‘வழிகாட்டி ராங்கி’ என்று எழுதிப் பார்த்தேன். கட்சிச் சுவரொட்டி மாதிரி இருந்தது. ‘சுற்றுலா வழிகாட்டி ராங்கி’ என்றால் அரசு அலுவலகப் பெயர்ப்பலகை. அதனால் அவர் எனக்குக் கைடு ராங்கிதான்.