மருத்துவமனையில் தாய் இறப்பு: வளரும் நாடுகள்

கர்ப்ப காலத்திலோ கர்ப்பம் முடிந்த 42 நாள்களுக்குள்ளோ, கர்ப்பத்தாலோ அதன் சிகிச்சையாலோ அவற்றால் முற்றிய நோயாலோ நேரும் மரணமே தாய் இறப்பு. விபத்தில் இறப்பது இக்கணக்கில் சேராது. 2003 முதல் 2009 வரையிலான இறப்புகளை உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்தபோது உதிரப்போக்கு 27 சதவீதம், ரத்த அழுத்தக் கோளாறுகள் 14 சதவீதம், தொற்று 11 சதவீதம் எனத் தெரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரசவ மருத்துவமனையே ஆபத்தான இடமாக இருந்தது. வியன்னாவில் 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் சக மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்த பிறகு அங்கே பிரசவக் காய்ச்சல் சாவுகள் சட்டென்று குறைந்தன. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் தொடக்கம் 1844. ஆயினும் அதன் பின்னும் நெடுங்காலம் இந்தியாவில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில், மருத்துவச்சியின் கையில்தான் நடந்தன. வீட்டில் பிரசவம் சிக்கலான பிறகே பலரை மருத்துவமனைக்கு வண்டியேற்றினார்கள். ஆகவே பெரிய மருத்துவமனைகளின் இறப்புக் கணக்கைப் பார்த்து அவற்றின் தரத்தை மட்டும் எடைபோடுவது நியாயமாகாது.

1987இல் நைரோபியில் கூடிய மாநாடு பாதுகாப்பான தாய்மைக்கான உலக முயற்சியைத் தொடங்கிவைத்தது. 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களைச் சுட்டினார்கள்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில். இந்தியாவில் 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம் முதல் இரண்டையும் குறிவைத்தது. மருத்துவமனைப் பிரசவங்கள் 2005–06இல் சுமார் 39 சதவீதம். 2019–21இல் ஏறத்தாழ 89 சதவீதம். கூட்டம் பெருகிய வேகத்தில் செவிலியரும் ரத்தமும் அறுவை அரங்கும் பெருகவில்லை. மூன்றாம் தாமதம் வார்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

உதிரப்போக்கில் இது தெளிவாகத் தெரியும். குழந்தை பிறந்த பின் கருப்பை சுருங்காவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். சுருங்கவைக்கும் ஆக்சிடோசினைக் குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் நிலையற்ற ஊர்களில் மருந்து இருந்தும் வீரியம் இருக்காது. ரத்த வங்கி இல்லாத இடத்தில் உறவினர்களே கொடையாளியைத் தேடி ஓடுகிறார்கள். இழந்த ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே தோன்றும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு இதற்கு எளிய வழி காட்டியது. அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்து, வரம்பு தாண்டியதும் வயிற்றின் மேல் கருப்பையைத் தேய்த்துவிடுதல், ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், சலைன் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்தே தந்ததில், கடும் உதிரப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் மொத்தமாகச் சுமார் 60 சதவீதம் குறைந்தன.

பேறுகால வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட்டே சிறந்தது என்பதை 1995இல் வளரும் நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு நிறுவியது. விலை குறைந்த மருந்துதான். அதைத் தைரியமாகப் போடப் பயிற்சி பெற்றவர்தான் பல இடங்களில் இல்லை. சிசேரியனிலும் ஆள் பற்றாக்குறை உயிரை வாங்குகிறது. 22 ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் சிசேரியனுக்குப் பின் இறந்தோர் வீதம் பணக்கார நாடுகளைவிட சுமார் 50 மடங்கு.

இறப்புச் சான்றிதழில் ‘உதிரப்போக்கு’ என்று மட்டும் இருந்தால், ஏற்ற வேண்டிய ரத்தம் வந்துசேர எத்தனை மணி நேரமாயிற்று என்பது தெரியாது. அதைக் கேட்பது இறப்புத் தணிக்கை. தமிழ்நாட்டில் 2004இல் இது கட்டாயமாக்கப்பட்டது. தென்னாப்பிரிக்கா 1997 முதலே ஒவ்வொரு தாய் இறப்பையும் அடையாளங்களை வெளியிடாமல் விசாரித்துவருகிறது. எச்ஐவி தொற்றே அங்கே முதன்மையான காரணம் என்பது அவ்விசாரணைகளில் வெளிவந்தது. எச்ஐவிக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலான பின் அந்தச் சாவுகள் குறைந்தன.