கிரீன்லாந்து அகராதியும் அப்பம் என்னும் சொல்லும்

தியாகதுருகத்து மலைக்கோட்டை 1761ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே புதுச்சேரி வீழ்ந்திருந்தது. போர்களைப் பற்றி எழுதுவது நம் நோக்கமன்று. புதுச்சேரியில் கைப்பற்றப்பட்ட பொருள்களுள் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. அது சென்னைக்குக் கொண்டுவரப்பெற்று, வேப்பேரியில் ஊழியஞ்செய்த யோவான் பிலிப்பு பப்ரிசியஸ் ஐயரிடம் ஒப்புவிக்கப்பட்டது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அவரும் பிரைத்தாப்து ஐயரும் தொகுத்த தமிழ் - ஆங்கில அகராதி, ஏறத்தாழ 9,000 சொற்களுடன், 1779இல் வேப்பேரியில் அச்சேறியது.

இவ்வகராதிக்குப் பனிநாட்டில் ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு என்பதை நம் மாணவர் பலர் அறியார். தேனியர் அரசன் நான்காம் பிரெடரிக் 1714இல் கோப்பன்ஹேகனில் நிறுவிய மிஷன் கல்லூரி என்னும் ஆட்சிக்குழு, 1706இல் தொடங்கிய தரங்கம்பாடி மிஷனையும் 1721இல் தொடங்கிய கிரீன்லாந்து மிஷனையும் ஒருங்கே மேற்பார்த்தது. வெயில் கொளுத்தும் கடற்கரைக்கும் உறைந்த கடலுக்கும் ஒரே அலுவலகத்திலிருந்து கடிதங்கள் புறப்பட்டன. பிற்காலத்தில், 1860களில், தேனிய மிஷன் சங்கம் தென்னார்க்காட்டில் பணியேற்றதும், அதன் பயனாக ஆற்காடு லுத்தரன் திருச்சபை உருவானதும் நாம் அறிந்தவையே.

கிரீன்லாந்துக்குச் சென்ற ஹான்ஸ் எகெடே ஐயருக்கு இனுயிட்டு மக்களின் மொழி எளிதில் வசப்படவில்லை. சீகன்பால்கு ஐயருக்குத் தமிழில் எழுத்து இருந்தது, ஏடுகள் இருந்தன, திவாகரம் முதலிய நிகண்டுகள் இருந்தன. எகெடேக்கோ செவி ஒன்றே துணை. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு. சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து எழுத்துப் பயின்றார். கிரீன்லாந்தில் மொழியை நன்கு கற்றவர் தந்தையல்லர், சிறுவனாக உடன் சென்ற மகன் பவுல் எகெடே. அவருக்கு ஆசிரியராயிருந்தோர் உடன் விளையாடிய பிள்ளைகள். தந்தை வேதாகமக் கதையைச் சொல்ல இயலாது திகைத்தபோது மகன் படம் வரைந்து காட்டினாராம்.

ஜெபத்திலே "அப்பம்" என்பதற்கு என்ன சொல்வது? தானியமே விளையாத நாடு அது. கடல்நாயின் இறைச்சியும் மீனுமே உணவு. உண்பவர்களை நோக்கி, "இது என்ன?" என்று சைகையால் வினவிய எகெடேக்கு, "மாமாக்" என்ற விடை கிடைத்ததாகவும், அதுவே உணவின் பெயர் என அவர் கொண்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அச்சொல்லின் பொருளோ, "சுவையாயிருக்கிறது" என்பது! கதை எவ்வளவு மெய்யோ, அகராதி தொகுப்போன் படும் பாட்டை அது நன்கு காட்டுகிறது. இன்று அம்மொழியில் ரொட்டிக்கு வழங்கும் சொல் "திமியுசியாக்" என்பதாகும். அதன் முதலில் நிற்கும் "திமி" உடலைக் குறிப்பது. நற்கருணையிலிருந்து அன்றாட உணவுக்கு இறங்கிவந்த சொல் போலும் இது. நம் தமிழிலோ நிலை வேறு. பழைய திருப்புதலின் கர்த்தருடைய ஜெபத்தில் நாம் வேண்டுவது ஆகாரத்தை. கர்த்தருடைய பந்தியில் பிட்பது அப்பத்தை. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் உண்டு வளர்ந்தவனுக்கு இவ்விரண்டனுள் எது அண்மையது என்பது வேறொரு நாள் ஆராயத்தக்கது.

பவுல் எகெடேயின் கிரீன்லாந்து - தேனிய - இலத்தீன் அகராதி 1750இல் வெளிவந்தது. முகப்பில் இருப்பது அவர் பெயர். ஆனால் அவருக்கு மொழித்துணையாயிருந்தவர்களுள் 1737இல் ஞானஸ்நானம் பெற்ற அர்னார்சாக் என்னும் பெண்மணியை நாம் மறத்தலாகாது. மொழிபெயர்ப்புப் பணிக்காக அவர் கடல் கடந்து கோப்பன்ஹேகன் சென்று திரும்பினார். பப்ரிசியஸ் ஐயருக்குத் துணைநின்ற தமிழ் முன்ஷிகளை எண்ணுங்கால் இவ்வம்மையாரையும் சேர்த்து எண்ணுதல் தகும். பின்னர் 1804இல் கிரீன்லாந்து - தேனிய அகராதியைத் திருத்தி விரித்து வெளியிட்டவர் ஓத்தோ பப்ரிசியஸ். நம் பப்ரிசியஸ் ஐயர் வேறு, இவர் வேறு. இவர் கடல்நாய் வேட்டையைத் தாமே பயின்று, அந்நாட்டு விலங்குகளைப் பற்றி 1780இல் ஒரு பெருநூல் இயற்றியவர். வேட்டைக் கருவிகளின் பெயர்களை அவர் அறிந்தது புத்தகத்தினால் அன்று. கிரீன்லாந்திலேயே பிறந்த மொராவிய ஊழியர் சாமுவேல் கிளைன்ஷ்மித்தின் அகராதி 1871இல் வந்தது. அவர் வகுத்த எழுத்துமுறை 1973 வரை நிலைத்தது.

புகழத்தக்க உழைப்பே. எனினும் ஒரு குறையைச் சொல்லாது விடுதல் முறையன்று. இவ்வகராதிகள் யாவும் மேற்குக் கரையின் பேச்சையே அடிப்படையாகக் கொண்டவை. 1894இல் கிழக்குக் கரையில் அங்மாக்சாலிக்கில் மிஷன் நிறுவப்பட்டபோது, மேற்கு மொழியே அங்கும் ஆலயத்திலும் பள்ளியிலும் ஏறிற்று. கிழக்குக் கரையாரின் பேச்சோ தனிப்போக்குடையது. இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லலாகாது என்பது அவர்தம் வழக்கம். பெயர்கள் பொதுச்சொற்களாகவும் இருந்தமையால், ஒருவர் மறைந்ததும் அச்சொல்லுக்குப் பதிலாகப் புதுச்சொல் ஆக்கினர். இவ்வாறு துக்கத்தினாலேயே சொல்வளம் மாறிய ஒரு மொழி, "சரியான" மொழியின் முன் பிழைபட்ட பேச்சாக எண்ணப்பட்டது. அதற்கென விரிந்த அகராதி ஒன்றை ராப், தொரே என்னும் இரு ஆய்வாளர் வெளியிட்டது 1986இல். மிஷன் சென்று 92 ஆண்டுகள் கழித்து. அதைச் செய்தது திருச்சபை அன்று.

தியாகதுருகத்துக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அங்கு வாழும் மலையாளிகள் கேரளத்தார் அல்லர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அப்பெயர் கொண்ட பழங்குடியினர். அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்பது அவர்தம் மரபுச் செய்தி. 1976 வரை மூன்று ஜாகிர்தாரர்களின் ஆட்சியிலிருந்த மலை அது. அவர்கள் பேசுவது தமிழே. ஆயினும் சமவெளிக்காரன் முதல் நாள் கேட்டால் பாதியில் தடுமாறுவான். மேலேறும் ஊழியர் கொண்டுசெல்வது வேப்பேரி வழிவந்த சமவெளி அகராதியின் தமிழ். மலைவாசி, "நீர் பேசுவது புரியவில்லை, ஐயா" என்னும்போது, அவன் கல்வியறிவற்றவன் என்று முடிவுகட்டி இறங்கிவிடுவதா, சுவடியைத் திறந்து அவன் சொல்லை அவன் வாயிலிருந்தே கேட்டெழுதுவதா என்பதைப் பவுல் எகெடேயின் விளையாட்டுத் தோழர்களிடந்தான் நாம் கேட்கவேண்டும்.