குருதி கசியுமுன்

ஸ்வீடன் நாட்டு மால்மோ மருத்துவமனையில் இங்கா மரீ நில்சன் அம்மையார் (1923–1999) ஹீமோஃபீலியா நோயாளரைக் கவனிக்கத் தொடங்கிய காலத்தில், அந்நோய் கடுமையாகப் பற்றிய சிறுவன் முதுமை காண்பது அரிது. வெளிக்காயத்தைவிட, மூட்டுக்குள்ளே மீண்டும் மீண்டும் கசியும் குருதியே அவனை முடமாக்கியது.

குருதியை உறையச் செய்யும் எட்டாம் காரணி இயல்பளவில் நூற்றில் ஒரு பங்கேனும் இல்லாதோர் முடமாயினர். ஒன்று முதல் ஐந்து பங்கு உடையோர் பெரிதும் தப்பினர். கடுமையானதை மிதமானதாக்கினாலே போதுமன்றோ? பிளூம்பேக் இணையர் ஸ்டாக்ஹோமில் குருதிநீரிலிருந்து பிரித்தெடுத்த மருந்தை, 1958 முதல், கசிவு நேருமுன்னரே சில சிறுவர்க்கு அம்மையார் செலுத்தி வந்தார். மருந்தோ கிடைத்தற்கரியது. வலியின்றி விளையாடும் பிள்ளைக்கு அதைச் செலவிடுவது வீண் என்றே எவர்க்கும் தோன்றும். அத்தோற்றத்தை மீறிய துணிவே அவரது தனிப்பெருமை.

1980களில் இத்தகைய குருதிப்பொருள்கள் வழியே எச்.ஐ.வி. கிருமியும் நோயாளர் பலரை அடைந்தது. புகழுரை இதனை மறைத்தலாகாது.

1992இல், 60 நோயாளரின் கால்நூற்றாண்டுப் பதிவுகளை அம்மையாரும் உடனுழைத்தோரும் வெளியிட்டனர். ஓரிரு வயதிலேயே மருந்து பெற்ற பிள்ளைகளின் மூட்டுகள் ஏறத்தாழப் பழுதின்றி இருந்தன. ஆயினும் ஒப்பீட்டுச் சோதனை வேண்டுமென்றனர் ஐயுற்றோர். அமெரிக்காவில் நடந்த அச்சோதனையின் முடிவு 2007இல் வந்தது: ஆறு வயதில் மூட்டு சிதையாதிருந்தோர், முன்காப்புப் பெற்றவருள் 93 விழுக்காடு, கசிந்தபின் மருந்து பெற்றவருள் 55 விழுக்காடு. அப்போது அம்மையார் மறைந்து எட்டாண்டு.